மூன்று பத்தி நோட்டு

அவர் யாருக்கும் நேர் எதிரே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. நாயுடுபுரத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள் கிடந்தன. வந்த முதல் நாளே ஒன்றை எடுத்து அக்காவுக்குப் பக்கவாட்டில், ஒரு கை நீளம் தள்ளிப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அக்கா எந்தத் திசையைப் பார்த்தாளோ அதையே அவரும் பார்த்தார். நான் எதிரே நின்று கேள்வி கேட்டபோதும் முகத்தைத் திருப்பவில்லை. ஜன்னலுக்கு வெளியே இருந்த தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தபடியே பதில் சொன்னார்.

நான் ஒரு நாளிதழின் கொடைக்கானல் நிருபர். முகம் பார்த்துப் பேசாதவர் சொல்வதை இரண்டு இடத்தில் விசாரிக்காமல் எழுதக்கூடாது என்பது எங்கள் தொழிலில் யாரும் சொல்லித் தராமலே வந்துவிடுகிற பாடம். அன்றே விசாரிக்கத் தொடங்கினேன்.

அப்போது அவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். மதுரையில் ஒரு கல்லூரியில் ஆட்டிசம் பற்றிய முதுநிலைப் படிப்பில் சேர்ந்திருப்பதாகச் சொன்னார். சனி, ஞாயிறு வகுப்பு. சனிக்கிழமை வெள்ளனே முதல் பஸ்ஸில் மலை இறங்குவார், ஞாயிறு மாலை ஏறுவார். மற்ற நாட்களில் ஊரில் இருந்த சின்னப் பகல் மையத்தில் பயிற்சி. படிப்பை முடிக்க ஒரு குடும்பத்தின் வீட்டுக்கே போய் ஆறு வாரம் பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். மையத்தை நடத்திய அம்மையார் எங்கள் வீட்டைக் காட்டியிருந்தார்.

எங்கள் வீட்டைக் காட்டியதற்குக் காரணம் அக்கா. அவளுக்கு நாற்பத்தாறு வயது. பேச்சு கிடையாது, சில சொற்கள் உண்டு. ஊரில் 'அது ஒரு மாதிரி' என்பார்கள். அதற்கு மேல் எந்த மருத்துவரும் பெயர் வைத்ததில்லை. அம்மா இருந்தவரை அவளால் ஒரு தொந்தரவும் இல்லை. அம்மா இறந்த பிறகு சாமான்களை எறிந்தாள், காதைப் பொத்திக்கொண்டு கதவில் தலையை மோதினாள். நெற்றி இரண்டு முறை பிளந்து தையல் போட்டோம். என் மனைவி வீட்டிலிருந்தே ஒரு கடைக்குச் சாக்லேட் சுற்றிக் கொடுப்பவள். அக்கா அவள் பக்கத்தில் உட்கார்ந்து பளபளப்புத் தாள்களை ஒவ்வொன்றாக நீவி அடுக்குவாள். அந்தக் கைகள் மாலையானால் எதை எடுக்கும் என்று தெரியாமல் மனைவி பயந்துபோயிருந்தாள். வத்தலக்குண்டு பக்கம் மலையடிவாரத்தில் இருந்த ஒரு இல்லத்தில் அக்காவின் பெயரைப் பதிந்து வைத்தோம். இடம் காலியானதும் கூப்பிடுவார்கள். அதற்குள் வேறு வழி தெரிந்தால் அக்கா வீட்டில் இருப்பாள், தெரியாவிட்டால் போவாள். இந்த நிலையில்தான் அவர் வந்தார்.

கல்லூரிக்குப் போன் செய்தேன். அலுவலகத்தில் இருந்தவர் பதிவேட்டைப் பார்த்து, அப்படி ஒரு மாணவி இருக்கிறார், கட்டணம் கட்டியிருக்கிறார் என்றார். எனக்குத் திருப்தியில்லை. படிப்பு உண்மை என்பதால் ஆள் உண்மை என்று ஆகாது.

எதிர்க்கடை அண்ணாச்சி என்னைவிட வேகமாக விசாரித்துக்கொண்டிருந்தார். மளிகைக் கடையின் கல்லாவில் இருந்தபடியே தெருவை முழுசாகப் பார்ப்பவர். "ஏலே, இந்தப் பொம்பள ஒங்க வீட்டு கேட் பக்கத்துல வந்ததும் வளையலக் கழட்டிப் பைக்குள்ள போடுது. திரும்பிப் போறப்ப மாட்டிக்கிருது. பூவும் இல்ல. ஒங்க அக்காவப் பாக்க வருதா, ஒங்க வீட்டப் பாக்க வருதா?" என்றார்.

அண்ணாச்சி கேட்டதில் அர்த்தம் இருந்தது. எங்கள் தெருவில் அதற்கு முந்தைய ஒரு வருடத்தில் மூன்று வீடுகள் ஹோம்ஸ்டேயாக மாறியிருந்தன. புரோக்கர்கள் நோயாளி இருக்கும் வீடு, பாகம் பிரியாத வீடு என்று தேடி அலைந்தார்கள். பூவும் வளையலும் இல்லாததை வைத்து, மதம் மாற்ற வந்தவர் என்று பின்வீட்டில் பேசிக்கொண்டார்கள். நான் எதையும் நம்பவில்லை, எதையும் தள்ளவுமில்லை.

அவரைப் பற்றி எனக்குத் தெரிந்தவை எல்லாம் இப்படித் துண்டு துண்டாகச் சேர்ந்தவைதான். அப்பா, அம்மா இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். பெருமாள்மலையில் வீடு. படிக்க வருவதற்கு முன் ஏரிப் பக்கம் ஒரு லாட்ஜில் அறை சுத்தம் செய்யும் பிரிவில் பல வருடம் வேலை. லாட்ஜில் இருந்தவருக்கு எதற்கு இந்தப் படிப்பு என்று ஒருநாள் பேட்டி எடுப்பதுபோல் கேட்டேன். தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தபடி சொன்னார். ஒரு குடும்பம் வயதுக்கு வந்த மகளோடு வந்து தங்கியதாம். அந்தப் பெண் ராத்திரியெல்லாம் கத்தியதால் மற்ற அறைக்காரர்கள் புகார் செய்ய, காலையில் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். "பொட்டியத் தூக்கிக்கிட்டுப் போய் கார்ல வச்சது நான்தாங்க. அந்த ரூமுக்குப் பின்னாடி ஜெனரேட்டர் ஓடுனது எனக்குத் தெரியும். யாரும் என்னைக் கேக்கல. நானும் சொல்லல."

நல்ல பதில். ரொம்ப நல்ல பதில் என்பதே எனக்கு உறுத்தியது. இப்படித் தயாராக வருகிற பதில்களை அரசியல்வாதிகளிடம் நிறையக் கேட்டிருக்கிறேன்.

அவர் ஆறுதல் சொல்லமாட்டார். என் மனைவி அக்காவின் நெற்றித் தழும்பைக் காட்டி அழுதபோது, பாவம் என்றோ சரியாகிவிடும் என்றோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்கு முன்னால் என்ன நடந்தது என்று கேட்டார். அக்கா சாப்பிடவில்லை என்று சொன்னாலும் அதே கேள்வி. நன்றாகத் தூங்கினாள் என்று சந்தோஷமாகச் சொன்னாலும் அதே கேள்வி. அக்காவுக்குக் கோபம் ஜாஸ்தி என்று நான் ஒருமுறை சொன்னேன். "கோபம்னு எனக்குத் தெரியாது சார். எறிஞ்சாங்க, அது தெரியும்" என்றார். செய்தியில் அடைமொழி வேண்டாம் என்று எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர்கள் வருடக்கணக்கில் சொன்னதை அவர் சர்வசாதாரணமாகச் செய்தார். ஆனாலும் பாராட்டத் தோன்றவில்லை. எதற்காக இவ்வளவு ஜாக்கிரதை என்றுதான் தோன்றியது.

அந்த ஜாக்கிரதை முழுவதும் ஒரு நோட்டுக்குள் போனது. நீள நோட்டு, பக்கத்துக்கு மூன்று பத்தி. மேலிருந்து கீழாக ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுப் பிரித்திருப்பார். வாட்ச்சைப் பார்ப்பார், எழுதுவார். எந்த சோப்பு போடுகிறீர்கள் என்பார், எழுதுவார். ஒருநாள் ஸ்டூல் போட்டு ஏறி முன்னறை டியூப்லைட்டில் காதை வைத்துக் கேட்டுவிட்டு இறங்கி எழுதினார். இரண்டு வாரத்தில் தெருவில் அவருக்கு 'நோட்டு டீச்சர்' என்று பெயர் வந்துவிட்டது.

நான்காவது வாரம் ஒரு பிற்பகலில் அக்கா டம்ளரைக் கழுவப் பின்பக்கம் போக, அவரும் கூடப் போனார். நோட்டு நாற்காலியில் திறந்தபடி கிடந்தது. எதிராளியின் மேஜையில் கிடக்கும் தாளைத் தலைகீழாக இருந்தாலும் படித்துவிடுகிற பழக்கம் எனக்கு உண்டு. இது நேராகவே கிடந்தது. போனை எடுத்து நான்கு பக்கம் படம் பிடித்தேன்.

மாலை பஸ் நிலையத்துக்குப் பின்னால் நின்று படித்தேன். முதல் பத்தி முழுக்க எங்கள் வீட்டு நடமாட்டம். தம்பி வந்தார், மணி இத்தனை; தம்பி என்றால் நான். தம்பி போன், ஜன்னல் ஓரம், மணி இத்தனை. குக்கர், மூன்றாவது விசில். வேன் ஹார்ன். தம்பி இல்லை, திண்டுக்கல். வீட்டில் ஆண் இல்லாத நேரத்தைக் குறித்து வைப்பவர்கள் யார் என்று போலீஸ் செய்தி எழுதியவனுக்குத் தெரியும். நடுப்பத்தி முழுக்க அக்காவின் மேல் குற்றப்பத்திரிகை. செம்பை எறிந்தார். காதைப் பொத்தினார். கதவில் தலையை மோதினார், நான்கு முறை. மறுபடி செம்பு. கடைசிப் பத்தியில் நாங்கள் செய்த தப்பெல்லாம் வரிசையாக. தம்பி சத்தமிட்டார். அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார்கள். இனிப்பு கொடுத்தார்கள்.

வீட்டை உளவு பார்க்கிறார், அக்காவைப் பைத்தியம் என்று காட்டப் போகிறார், அதற்குக் காரணம் நாங்கள் என்று முடிக்கப் போகிறார். மூன்று பத்தி, மூன்று செய்தி. எனக்கு ஒரு சந்தேகமும் மிச்சமில்லை.

மறுநாளே மையத்துக்குப் போனேன். அம்மையார் அவரையும் அழைத்தார். அங்கேயும் அவர் பக்கவாட்டில்தான் உட்கார்ந்தார். நான் போனை மேஜையில் வைத்தேன். அம்மையார் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் படத்தைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டார். நிருபர் புகாரோடு வந்தால் ஊரில் எல்லோருக்கும் ஒரு தயக்கம் உண்டு. அந்தத் தயக்கத்தை நான் பல வருடம் பயன்படுத்தியிருக்கிறேன். இந்த நோட்டை வீட்டார் எப்போது வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம் என்று நான் கையெழுத்திட்ட தாளிலேயே இருக்கிறது என்று மட்டும் அம்மையார் மெதுவாகச் சொன்னார். நான் அந்தத் தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

பிறகு, நீ என்ன சொல்கிறாய் என்று அம்மையார் அவரிடம் கேட்டார்.

"இன்னும் ரெண்டு வாரம் பாக்கணுங்க" என்றார் அவர். அவ்வளவுதான். விளக்கம் இல்லை, மறுப்பு இல்லை. குற்றம் செய்தவர்களும் இப்படித்தான் இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு எழுந்து வந்தேன். எங்கள் வீட்டுக்கு அவர் வருவது அன்றோடு நின்றது. ஆறு வாரத்தில் இரண்டு குறைந்ததால் அவருடைய பயிற்சி கணக்கில் சேராது, ஒரு வருடம் போகும் என்று பிறகு தெரிந்தது.

பத்து நாளில் இல்லத்திலிருந்து போன் வந்தது. ஒரு இடம் காலி. மறுநாள் மாலைக்குள் விண்ணப்பத்தோடு பதில் சொல்ல வேண்டும், இல்லையென்றால் வேறு குடும்பத்துக்குப் போய்விடும். விண்ணப்பத்தில் 'நடத்தை விவரம்' என்று அரைப் பக்கம் காலியாக இருந்தது. அதற்கு அந்த நடுப்பத்தி உதவும் என்று தோன்றியது. காலையில் சாப்பாட்டு மேஜையில் பேனாவோடு உட்கார்ந்து, போனை மனைவியிடம் கொடுத்து நோட்டில் இருப்பதை வாசிக்கச் சொன்னேன்.

அவள் நோட்டை நோட்டாக வாசித்தாள். இடப்பக்கம் தொடங்கி வலப்பக்கம் வரை.

"ஆறு அஞ்சு. தம்பி, போன், ஸ்பீக்கர், ஜன்னல் ஓரம். செம்பை எறிந்தார். தம்பி சத்தமிட்டார், தெருவில் இறங்கினார், ஏழு நிமிடத்தில் அமைதி." அடுத்த வரி. "ஆறு பத்து. தம்பி, போன், ஸ்பீக்கர். காதைப் பொத்தினார், கதவில் மோதினார். அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினார்கள், மோதுவது கூடியது." நடுப்பத்தி மட்டும் போதும் என்றேன். அவள் கேட்கவில்லை. "ஆறு மணி. தம்பி இல்லை, திண்டுக்கல். தாள் நீவிக்கொண்டிருந்தார். ஒன்றுமில்லை."

நிறுத்தினாள். போனை என் பக்கம் தள்ளினாள்.

"ஏங்க, எறியிற வரிக்கெல்லாம் முன்னாடி நீங்கதான வர்றீங்க."

வாழ்நாள் முழுக்கப் பத்திரிகைப் பத்தியை மேலிருந்து கீழே படித்தவன் நான். அந்த நான்கு பக்கத்தையும் அப்படியே படித்திருந்தேன். குறுக்கே ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

ஆறு மணி எனக்குச் செய்தி சொல்லும் நேரம். எழுதியதை அனுப்பிய பிறகு பெயர், ஊர் சரிபார்க்க அலுவலகத்திலிருந்து கூப்பிடுவார்கள். எங்கள் வீட்டில் ஜன்னல் ஓரம் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். அதுவும் அரைகுறை. ஸ்பீக்கரில் போட்டுக் கத்துவேன். விபத்து, மண்சரிவு, காட்டெருமை முட்டியது எல்லாவற்றையும் அதே குரலில். அம்மா இருந்தபோதும் கத்தினேன். ஆனால் அம்மா தினமும் ஐந்தரைக்கு அக்காவைக் கூட்டிக்கொண்டு பால் வாங்கப் போய்விடுவாள், ஏழுக்குத்தான் வருவாள். பத்து நிமிட வேலைக்கு ஒன்றரை மணி நேரமா, போகிற இடத்தில் எல்லாம் ஊர்வம்பு என்று நானும் மனைவியும் கேலி செய்வோம். அம்மா சிரித்துக்கொள்வாள், ஒன்றும் சொன்னதில்லை. அவள் போன பிறகு, குளிரில் எதற்கு அலைச்சல் என்று காலையிலேயே பாக்கெட் பால் வாங்க ஆரம்பித்தோம்.

விண்ணப்பத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பெருமாள்மலைக்குப் பஸ் ஏறினேன். சந்திப்பில் அவர் தம்பி டீக்கடை வைத்திருந்தார். வாசலில் கேரட் கட்டிக்கொண்டிருந்த அவருடைய அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்து, "மகளோட கதைக்கணுமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே குரல் கொடுத்தார். அவர் வந்தார். கை நிறைய வளையல் குலுங்கியது. வளையலை ஏன் கழற்றினார் என்று அப்போது நான் கேட்க வேண்டியிருக்கவில்லை.

பெஞ்சில் என் பக்கத்தில், ஒரு ஆள் இடம் விட்டு உட்கார்ந்தார். இருவரும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு பேசினோம். அப்படிப் பேசுவது சுலபமாக இருந்தது.

என் குரல்தான் காரணம் என்று தெரிந்தும் அன்று மையத்தில் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"தெரியாது சார். சந்தேகம் இருந்துச்சு, உங்க மேல. ஆறு மணிக்கு குக்கரும் வைக்கிறாங்க, டியூப்லைட்டும் போடுறாங்க. எதுன்னு பிரிச்சுப் பாக்க ரெண்டு வாரம் வேணும். அதுக்குள்ள சொன்னா உங்க மேல பழி போட்ட மாதிரி ஆகிரும்."

என் மேல் பழி விழக்கூடாது என்று அவர் வாயை மூடிக்கொண்டிருந்த அதே மேஜையில்தான் நான் அவர் மேல் பழியை வைத்துவிட்டு வந்திருந்தேன். இன்று மாலை வேண்டுமென்றே அதே ஜன்னலில் நின்று பேசுகிறேன், வந்து பாருங்கள், நிரூபணமாகிவிடும் என்றேன்.

"அவங்கள அழவச்சா நிரூபிக்கணும்?" என்றார். முதல் முறையாகக் குரலில் சூடு இருந்தது. "அந்த நேரத்துக்கு வெளிய போய்ப் பேசுங்க. அது போதும்."

மையத்துக்குக் கடிதம் எழுதித் தருவதாகச் சொன்னேன். எழுதுங்கள், ஆனால் போன நேரம் திரும்ப வராது, முதலிலிருந்துதான் செய்ய வேண்டும் என்றார். எழுதினேன். அடுத்த வருடம் வேறு குடும்பத்தில் பயிற்சியை முடித்தார் என்று கேள்விப்பட்டேன். எங்கே வேலை பார்க்கிறார் என்று தெரியாது. விசாரிப்பது என் தொழில். அவர் விஷயத்தில் அதை நிறுத்திக்கொண்டேன்.

அன்று பெஞ்சில் கடைசியாக, சட்டைப்பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்து இல்லத்தின் பெயரைக் காட்டினேன். குரல்தான் காரணம் என்று அவருக்கே நிச்சயமில்லை. குரலை நிறுத்திய பிறகும் அக்கா தலையை மோதினால் இந்த இடமும் போயிருக்கும். அனுப்பட்டுமா, வேண்டாமா என்று கேட்டேன்.

"அது நான் சொல்லக்கூடாது சார்" என்றார். பிறகு, படிப்புக்காகத் தங்களை அந்த இல்லத்துக்கு ஒருமுறை கூட்டிக்கொண்டு போனார்கள் என்றார். அவர் ரோட்டைப் பார்த்தபடி, படிப்பதுபோலச் சொன்னார். "சுத்தமா இருந்துச்சு. சாப்பாடு நல்லா இருந்துச்சு. யாரும் யாரையும் அடிக்கல. எல்லாரும் ஒரே ஹால். சாயங்காலம் டிவி போட்டாங்க, கடைசியில உள்ளவங்களுக்கும் கேக்கணும்னு சத்தமா. ஒரு அம்மா செவுத்தப் பாத்துத் திரும்பி உக்காந்து ரெண்டு காதுலயும் வெரல விட்டுக்கிட்டாங்க. நாங்க ஒன்றரை மணி நேரம் இருந்தோம். வெரல எடுக்கல."

சுற்றுலா வேன் ஒன்று வந்து நின்றது. ஏழெட்டுப் பேர் இறங்கி டீ கேட்டார்கள். அவர் எழுந்து போனார்.

நான் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் நின்று இல்லத்துக்குப் போன் செய்தேன். வார்டன் அம்மா எடுத்தார். அக்காவை அனுப்பவில்லை என்றேன். ஏதாவது புகாரா என்று கேட்டார். இல்லை, வீட்டில் ஒரு மாற்றம் செய்து பார்க்கிறோம் என்றேன். அவர் சலித்துக்கொள்ளவில்லை. முதல் தடவை எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள், மனசு கேட்காது, ஆறு மாதத்தில் திரும்ப வருவார்கள், அப்போது வரிசையில் கடைசியாக நிற்க வேண்டியிருக்கும் என்று பொறுமையாகச் சொன்னார். அவர் சொன்னது பொய்யில்லை. மனைவியிடம் நான் கலந்து பேசவில்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. தையல் போட்ட நெற்றியும் நினைவுக்கு வந்தது.

"பேரு லிஸ்ட்ல இருக்கட்டுமா சார், எடுத்திரவா?" என்று கேட்டார்.

டீக்கடையில் அவர் முதுகைக் காட்டிக்கொண்டு டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் பேசுவது ரோட்டைத் தாண்டிக் கேட்டிருக்கும். என் குரல் அப்படி. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

குரலைத் தாழ்த்தி, எடுத்துவிடுங்கள் என்றேன். வார்டன் அம்மாவுக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. என்ன சார் என்றார். அதே குரலில் மறுபடியும் சொன்னேன்.